கருவும் எதிர்ப்பாற்றலும்: ‘அடக்க வேண்டும்’ என்ற வாதத்துக்கு ஒரு மறுப்பு

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயின் நோய் எதிர்ப்பாற்றல் அடங்கியிருக்க வேண்டும். அடங்காவிட்டால் அது கருவைத் தாக்கும். ஆகவே கரு தங்காத பெண்ணுக்கு எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்க வேண்டும். இந்த மூன்று கூற்றுகளும் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது ஊகம். மூன்றாவது அந்த ஊகத்தின் மேல் போடப்படும் மருந்துச் சீட்டு.

தென் தில்லியில் இந்தக் கருத்துக்கு வரலாறும் உண்டு, வாடிக்கையாளரும் உண்டு. மீனும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தேடித் தில்லித் தமிழர்கள் போகும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் எய்ம்ஸ். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு நேரெதிரே சப்தர்ஜங் மருத்துவமனை. வட இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து தம்பதியர் வந்திறங்கும் வட்டாரம் இது. அரசு மருத்துவமனையில் காத்திருந்து சலித்தவர்களைக் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் அழைக்கின்றன. தாய்மையும் எதிர்ப்பாற்றலும் சந்திக்கும் இடத்தைப் பற்றி இந்தியாவில் நடந்த மிக முக்கியமான ஆராய்ச்சி ஒன்று தொடங்கியதும் இங்கேதான்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் வைத்துவிட வேண்டும். 1953இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் ஒரு கேள்வியைக் கேட்டார். கருவின் மரபுப் பொருளில் பாதி தந்தையுடையது. வேறொருவரின் சிறுநீரகத்தை ஏற்காத உடல், கருவை மட்டும் எப்படி ஏற்கிறது? மூன்று விடைகள் இருக்கலாம் என்றார்: கருவும் தாயும் உடலளவில் பிரிந்திருக்கலாம், கரு அந்நியமாகத் தெரியும் அளவுக்கு முதிராதிருக்கலாம், தாயின் எதிர்ப்பாற்றல் மந்தமாகியிருக்கலாம். மூன்றாவது விடைக்குச் சான்றுகள் தாமாக வந்து சேர்ந்தன. முடக்குவாதம் கர்ப்பத்தில் தணிவதை பிலிப் ஹென்ச் 1938லேயே பதிவு செய்திருந்தார். 1955–56 குளிர்காலத்தில் யமுனையின் கழிவுநீர் குடிநீரில் கலந்து தில்லியில் மஞ்சள்காமாலை பரவியது. ஏறத்தாழ 29,000 பேர் நோயுற்றனர். கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட மிக அதிகமாக இறந்தார்கள். பின்னாளில் ஹெபடைடிஸ் இ என்று அறியப்பட்ட நோய் அது. கர்ப்பிணிக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டுமா என்று அன்றைய மருத்துவர்கள் கேட்டிருந்தால் அதில் தவறு காண முடியாது. 1993இல் வெக்மனும் உடன் ஆய்வாளர்களும், கர்ப்பம் என்பது டி-செல் என்னும் வெள்ளணுக்களில் அழற்சியைத் தூண்டும் வகை பின்வாங்கி மற்றொரு வகை மேலோங்கும் நிலை என்ற கோட்பாட்டை முன்வைத்தபோது, மருத்துவமனைக்குத் தேவையான எளிய சூத்திரம் கிடைத்துவிட்டது.

அந்தச் சூத்திரத்துக்கு எதிரான மறுப்புகள் ஆறு.

1. அடங்கிப்போன எதிர்ப்பாற்றல் எங்கே இருக்கிறது? கர்ப்பிணிக்கு இந்திய அரசு டெட்டனஸ்–டிப்தீரியா தடுப்பூசி போடுகிறது. அவர் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி அதைக் குழந்தைக்கும் அனுப்புகிறது. 2021 ஜூலையில் கோவிட் தடுப்பூசியும் கர்ப்பிணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. எதிர்ப்பாற்றல் உறங்குவதாக இருந்தால் இந்த ஊசிகள் வீண். தில்லிக் காமாலையும் உண்மையில் அந்த வாதத்துக்கு உதவவில்லை. ஹெபடைடிஸ் இ கர்ப்பிணியைக் கொல்வது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். ஹெபடைடிஸ் ஏ அதே பெண்ணிடம் அப்படி நடந்துகொள்வதில்லை. பொதுவான மந்தம் காரணம் என்றால் எல்லா வைரஸும், எல்லா மாதத்திலும், ஒரே மாதிரி பலம் பெற்றிருக்க வேண்டும்.

ஐ.என்.ஏ. வட்டாரத்தின் சொந்தச் சான்று இன்னொன்று உண்டு. எய்ம்ஸில் ஜி.பி. தல்வார் தலைமையில் தொடங்கி, 1981இல் உருவான தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் தொடர்ந்த ஆய்வு, எச்.சி.ஜி. ஹார்மோனுக்கு எதிரான தடுப்பூசியை உருவாக்கியது. கரு ஒட்டும் நாள்களில் அதன் வெளிச்செல்கள் சுரக்கும் ஹார்மோன் அது. முதல் கட்டுரை 1976இல் வந்தது. 1994இல் வெளியான சோதனையில் 148 பெண்கள் ஊசி போட்டுக்கொண்டனர். எதிர்ப்பொருள் போதிய அளவில் இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம்தான் நிகழ்ந்தது. எதிர்ப்பொருள் குறைந்தபின் கருத்தரிக்கும் திறன் மீண்டது. எச்.சி.ஜி. முழு அந்நியப் பொருள் அல்ல, அந்தப் பெண்கள் ஊசியின்போது கருவுற்றிருக்கவும் இல்லை. ஆகவே இந்தச் சோதனையை மெடவாரின் கேள்விக்கு நேர் விடையாகக் கொள்ள முடியாது. ஆனால் கரு ஒட்டும் அதே நாள்களில் எதிர்ப்பொருள்கள் முழு வீச்சோடு வேலை செய்யும் என்பதை அது ஐயமின்றிக் காட்டியது.

2. கருப்பைக்குள் குவிந்திருக்கும் எதிர்ப்புச் செல்கள் அங்கே என்ன செய்கின்றன? ‘அடக்குவோர்’ இந்தக் கேள்வியை எதிர்கொள்வதே இல்லை. முதல் மூன்று மாதங்களில் கருப்பையின் உள்படலத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் என்.கே. (‘இயற்கைக் கொலையாளி’) செல்கள். தாக்குதலுக்குத் தேவையான நச்சுத் துகள்கள் அவற்றிடம் நிறைய உள்ளன. ஆனாலும் நஞ்சுக்கொடியின் செல்களை அவை கொல்வதில்லை. இரத்த நாளங்களை வளர்க்கும் புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்ஃபெரான்-காமா என்ற அழற்சிப் புரதத்தைச் சிறிதளவில் வெளியிடுகின்றன. ஒடுங்கிய சுருள் தமனிகள் அகன்ற குழாய்களாக மாறத் துணை செய்கின்றன. என்.கே. செல்களே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் அந்தத் தமனிகள் சரியாக மாறவில்லை, உள்படலமும் நலிந்தது. ஆபத்தானவை என்று சொல்லப்பட்ட செல்களை நீக்கியதும் கர்ப்பம் வலுப்படவில்லை என்ற இந்த ஒரு சோதனை முடிவே சூத்திரத்தின் அடித்தளத்தை ஆட்டிவிடுகிறது.

இதில் இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. கையிலிருந்து இரத்தம் எடுத்து என்.கே. செல்களை எண்ணி, எண்ணிக்கை கூடுதல் என்று சொல்லி அச்சமூட்டுகிறார்கள். இரத்தத்தில் உள்ளவற்றில் 90 சதவீதம் வேறொரு வகை. கருப்பையில் உள்ளவை தோற்றத்திலும் தொழிலிலும் மாறுபட்டவை. கருப்பையில் நடப்பதைக் கை நரம்பில் அளக்கும் சோதனை எத்தனை தசமப் புள்ளிகளோடு அச்சாகி வந்தாலும் அதற்குப் பொருள் கூடுவதில்லை.

3. ஒரே செல் ஓரிடத்தில் தாக்கவும் மற்றோரிடத்தில் வளர்க்கவும் எப்படி முடிகிறது? ‘அடங்கிவிட்டது’ என்பது இதற்கு விடையாகாது. விடையின் பெரும்பகுதி செல்லின் வளர்சிதைமாற்றத்தில் இருக்கிறது. அது எதை எரிக்கிறது, எவ்வளவு ஆக்சிஜனோடு எரிக்கிறது, எரித்த மிச்சத்தை என்ன செய்கிறது என்பவையே அதன் தொழிலைத் தீர்மானிக்கின்றன.

செல்லுக்கு ஆற்றல் வரும் வழிகள் முக்கியமாக இரண்டு. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து லாக்டேட்டாக்கினால் ஒரு மூலக்கூறுக்கு 2 ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியாவில் முழுவதுமாக எரித்தால் ஏறத்தாழ 30. முதல் வழி வீண் செலவாகத் தோன்றினாலும் வேகமானது. பெருகவும் புரதம் உண்டாக்கவும் வேண்டிய மூலப்பொருள்களையும் தருகிறது. தாக்கப் புறப்படும் டி-செல்லும் தூண்டப்பட்ட என்.கே. செல்லும் அந்த வழியை முடுக்கிவிடுகின்றன. தாக்குதலைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குபடுத்து டி-செல்களோ கொழுப்பையும் மைட்டோகாண்ட்ரியாவையும் கூடுதலாக நம்பியிருக்கின்றன.

எரிபொருள் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால் விஷயத்தின் பாதிதான் விளங்கும். 2013இல் டி-செல்களில் நிறுவப்பட்ட ஒரு பொறிமுறை இதைத் தெளிவாக்குகிறது. குளுக்கோஸ் உடையும் பாதையில் வேலை செய்யும் ஜி.ஏ.பி.டி.எச். என்ற நொதிக்கு இரண்டாவது தொழில் ஒன்றுண்டு. குளுக்கோஸ் வரத்து இருக்கும்போது அது உடைக்கும் வேலையில் மூழ்கியிருக்கும். வரத்து குறைந்தால், இன்டர்ஃபெரான்-காமாவுக்கான ஆர்.என்.ஏ.மீது போய் ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கும். அதாவது, எவ்வளவு இன்டர்ஃபெரான் வெளியாகும் என்பதைச் சர்க்கரையின் வரத்தே நிர்ணயிக்கிறது. கருப்பையில் அதே இன்டர்ஃபெரான் சிறிதளவு இருந்தால் தமனி அகலும். பேரளவில் பெருகினால் கர்ப்பத்துக்குக் கேடு. அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வளர்சிதைமாற்றத்தின் கையில் இருக்கும்போது, ‘இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் கேட்கும் கோட்பாடு என்ன விளக்கிவிடும்?

முதல் மூன்று மாதங்களின் கருப்பை இந்த நோக்கில் மிக விசித்திரமான இடம். நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் சுருள் தமனிகளின் வாயை அடைத்துவிடுகின்றன. தாயின் இரத்தம் கருவைச் சுற்றிப் பாயத் தொடங்கவில்லை. கருப்பைச் சுரப்பிகளின் நீரே உணவு. எட்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடியின் ஆக்சிஜன் அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவுக்கும் கீழே. பன்னிரண்டாவது வாரத்தில்தான் அது 50ஐத் தாண்டுகிறது. இந்தக் குறை ஒரு பாதுகாப்பு. இரத்தம் முன்கூட்டியே பரவலாகப் பாய்ந்துவிட்ட கர்ப்பங்களில் ஆக்சிஜனால் விளையும் சேதமும் கருச்சிதைவும் காணப்பட்டுள்ளன. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் லாக்டேட் சேர்கிறது. அந்தச் சூழலில் எந்தச் செல் பிழைக்கும்? ஒழுங்குபடுத்து டி-செல்களை ஆளும் ஃபாக்ஸ்பி3 புரதம், குளுக்கோஸ் குறைந்து லாக்டேட் மிகுந்த இடத்திலும் வேலை செய்யுமாறு அவற்றின் வளர்சிதைமாற்றத்தை மாற்றியமைக்கிறது என்று 2017இல் காட்டப்பட்டது. தாக்கும் டி-செல்லுக்கு அந்த வசதி இல்லை. மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களை லாக்டேட் பழுதுபார்க்கும் போக்குக்குத் திருப்புவது 2014இல் புற்றுக்கட்டிகளில் நிறுவப்பட்டது.

என்.கே. செல்களுக்கு வந்தால் கதை இன்னும் சுவையாகிறது. கேம்பிரிட்ஜ் வட்டார ஆய்வாளர்களும் நியூகாசில் குழுவும் 2018இல் முதல் மூன்று மாத நஞ்சுக்கொடி, கருப்பை உள்படலம், தாயின் இரத்தம் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 70,000 செல்களை ஒவ்வொன்றாகப் படித்து வெளியிட்ட வரைபடத்தில் மூன்று வகை என்.கே. செல்கள் தெரிந்தன. அவற்றுள் ட்ரோஃபோபிளாஸ்டோடு நேரடியாக உறவாடும் ஏற்பிகள் மிகுந்த முதல் வகையில் குளுக்கோஸை உடைக்கும் நொதிகள் உயர்ந்திருந்தன. கருவுக்கு மிக அருகே நிற்கும் செல்தான் அதிகமாக எரித்துக்கொண்டிருக்கிறது. ஓய்ந்துபோன செல்லின் இலக்கணம் இது அல்ல.

டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தின் கதையும் இங்கே சேரும். 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மன், மெல்லர் குழு, அதைச் சிதைக்கும் ஐ.டி.ஓ. நொதியை மருந்தால் முடக்கியபோது அயல் தந்தைக்குக் கருவுற்ற எலிகள் கருவை இழந்தன. ஒரே மரபுக் கொடியைச் சேர்ந்த தந்தைக்குக் கருவுற்றவை இழக்கவில்லை. டிரிப்டோபான் வற்றிய இடத்தில் டி-செல் பெருக முடியாது. ஆனால் அந்த நொதிக்கான மரபணுவே இல்லாத எலிகள் பின்னர் இயல்பாகவே குட்டி போட்டன. ஒரு வழி அடைபட்டால் மற்றொன்று ஈடு செய்கிறது. எதிர்த்தரப்பு முதல் சோதனையைச் சொல்லும், இரண்டாவதைச் சொல்வதில்லை.

4. ‘அடக்கும்’ மருந்துகள் உண்மையில் எங்கே வேலை செய்கின்றன? இன்ட்ராலிப்பிட் என்ற வெண்ணிறச் சொட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ளவை சோயா எண்ணெய், முட்டை மஞ்சள்கருவின் பாஸ்போலிப்பிட், கிளிசரின். வாயால் உண்ண முடியாத நோயாளிக்கு நரம்பு வழியே கொழுப்புணவு தர உருவானது அது. ஆய்வுக் குழாயில் என்.கே. செல்களின் வீரியத்தை அது குறைத்தது என்பதால் கருச்சிதைவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2018இல் லிடியா லிஞ்ச் குழு, பருமனானவர்களின் என்.கே. செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்து அவற்றின் வளர்சிதைமாற்றத்தையே முடக்குவதையும், அதனால் அவை கட்டிகளைத் தாக்க முடியாமல் போவதையும் காட்டியது. 2016இல் வான்கூவர் ஆய்வாளர்கள் பருமனுள்ள பெண்களின் முதல் மூன்று மாதக் கருப்பை என்.கே. செல்கள் எண்ணிக்கையிலும் நடத்தையிலும் பிறழ்ந்திருப்பதைக் கண்டனர். ஒருமுறை ஏற்றும் சொட்டு மருந்தும் ஆண்டுக்கணக்கான பருமனும் ஒன்றல்ல. ஆயினும், கொழுப்பு சேர்ந்து என்.கே. செல் முடங்குவது ஓரிடத்தில் நோய், இன்னோரிடத்தில் சிகிச்சை என்று சொல்பவர்கள் அதற்கான காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இன்றுவரை சொல்லவில்லை.

ஸ்டீராய்டின் நிலை இதைவிடத் தெளிவு. அது இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரியும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15–49 வயதுப் பெண்களில் தில்லியில் 41.3 சதவீதமும் தமிழ்நாட்டில் 40.4 சதவீதமும் எடை மிகுந்தவர்கள். இந்த மக்களிடம் எதிர்ப்பாற்றலை மட்டும் தனியாகக் குறிவைப்பதாக நினைத்துத் தரும் ஸ்டீராய்டு, எதிர்ப்புச் செல்களின் உணவையே மாற்றுகிறது.

5. பலன் கிடைக்கிறதே என்ற வாதம் நிற்குமா? 1997இல் கனடாவில் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் 202 பெண்களிடம் சோதிக்கப்பட்டன. உயிருடன் பிறந்த குழந்தைகளின் விகிதத்தில் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. குறைமாதப் பிரசவம் மட்டும் 12 சதவீதத்திலிருந்து 62 சதவீதமாக உயர்ந்தது. 2022இல் சீனாவில் 715 பெண்களிடம் நடந்த சோதனையும் பிரட்னிசோனால் குழந்தைப் பேறு கூடவில்லை என்றது. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் முறைக்கு 1999இல் கரோல் ஓபர் குழு வைத்த சோதனையில், ஊசி பெற்றவர்களில் 36 சதவீதமும் பெறாதவர்களில் 48 சதவீதமும் வெற்றி கண்டனர். 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வுக்கு வெளியே அந்த ஊசியைத் தடுத்தது. லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனம் 2004இல் வெளியிட்ட சிறிய சோதனை நன்மை காட்டியது உண்மைதான். எல்லாச் சோதனைகளையும் தொகுத்த 2014 காக்ரேன் ஆய்வில் அந்த நன்மை எஞ்சவில்லை.

கணவரின் செல்களை ஏற்றுவது தாயின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் முறை. ஸ்டீராய்டு அதை அடக்கும் முறை. ஒன்று தாயின் உடல் கருவைப் போதிய அளவு அடையாளம் காணவில்லை என்கிறது. மற்றொன்று அளவுமீறி அடையாளம் காண்கிறது என்கிறது. ஒரே நோய்க்கு நேரெதிரான இரண்டு காரணங்களைச் சொல்லி இரண்டுக்கும் மருந்து விற்கும் கோட்பாட்டை எந்தச் சான்றைக் கொண்டு பொய்யாக்க முடியும்?

மருந்து கொடுத்தோம், கரு தங்கியது என்ற அனுபவச் சான்றுக்கும் விடை உண்டு. காரணம் தெரியாமல் பலமுறை கருச்சிதைவுற்ற பெண்களை 1999இல் லிவர்பூல் மருத்துவமனை ஒன்று, பரிவான கவனிப்பும் ஸ்கேனும் தவிர வேறெதுவும் தராமல் பின்தொடர்ந்தது. அடுத்த கர்ப்பத்தில் 75 சதவீதத்தினர் வெற்றி பெற்றனர். அதே பெண்களுக்கு எதைக் கொடுத்திருந்தாலும் அது ‘75 சதவீத வெற்றி’ மருந்தாகியிருக்கும். தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். அதை எந்த எதிர்ப்பாற்றல் மருந்தும் திருத்தாது.

6. அப்படியானால் உணவை மாற்றினால் போதுமா? இது எதிர்முனைத் தவறு. இப்போது வேகமாகப் பரவுகிறது. வளர்சிதைமாற்றம் என்ற சொல் காதில் விழுந்ததும், எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் உணவு என்று பட்டியல் வந்துவிடுகிறது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவகாடோவும் கிவியும் பை நிறைய ஏறுகின்றன. வாங்கி உண்பதில் கேடில்லை. ஆனால் எட்டாவது வாரக் கரு தாயின் இரத்த ஓட்டத்தோடு இன்னும் நேரடியாக இணையவில்லை. அங்குள்ள ஆக்சிஜனையும் லாக்டேட்டையும் அந்த வார மார்க்கெட் பை நிர்ணயிப்பதில்லை. நெடுநாள் நிலைகளே கணக்கில் வருகின்றன. அதே தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலி இரும்பு தாங்கிய புரதங்களைப் பெரிதும் நம்பியிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த வி. சேஷையா குழு 2004இல் கர்ப்பகால நீரிழிவு 16.55 சதவீதம் என்று கண்டது. இரும்பும் சர்க்கரையும் எடையும் கருவுறுவதற்குப் பல மாதங்கள் முன்பே சரிசெய்யப்பட வேண்டியவை.

எதிர்ப்பாற்றலே மெய்யாகப் பிழை செய்யும் ஒரு நிலை உண்டு: ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்த்தொகுப்பு. அதற்கான இரத்தச் சோதனையும் நம்பத்தக்கது. அந்தப் பெண்களுக்கு ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தருகிறார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் அவை, எதிர்ப்பாற்றலை அடக்குபவை அல்ல. மீண்டும் மீண்டும் கரு கலைந்த பெண்ணுக்குப் பயன் தரும் சோதனைகள் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள், தைராய்டு, இரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், கருப்பையின் அமைப்பு, தேவைப்பட்டால் குரோமோசோம். இரத்தத்தில் என்.கே. செல்களின் எண்ணிக்கைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.